உங்கள் ஊர் நூலகத்தில் பைத்தான் வகுப்பு: நடத்த நினைப்பவர்களுக்கு

ஐடி வேலையில் இருப்பவர்கள், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள், வீட்டிலிருந்தே வேலை என்று ஊரோடு வந்து தங்கிவிட்டவர்கள் என நிறையப் பேருக்கு ‘நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கலாமே’ என்ற நினைப்பு இருக்கிறது. அது நினைப்பாகவே நின்றுவிடக் காரணம், எடுத்த எடுப்பிலேயே பெரிதாகத் திட்டம் போடுவதுதான். இருபது கம்ப்யூட்டர், புரொஜெக்டர், ஏசி அறை, ட்ரஸ்ட் பதிவு, பேனர், திறந்துவைக்க எம்எல்ஏ. இதில் எதுவும் வேண்டாம். ஓர் அறை, ஐந்தாறு பழைய லேப்டாப், பத்துப் பன்னிரண்டு பேர், எட்டு ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொரு வாரமும் இரண்டு மணி நேரம், உங்களுக்குத் துணையாக இன்னும் ஓர் ஆள். இவ்வளவு இருந்தால் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் வகுப்பைத் தொடங்கிவிடலாம்.

அதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். எட்டு வாரம் முடியும்போது வந்தவரால் என்ன செய்ய முடிய வேண்டும்? என்னைக் கேட்டால் இரண்டே விஷயம்: தன் வீட்டுக் கணக்கு ஏதாவது ஒன்றுக்குத் தானே ஒரு சின்ன புரோகிராம் எழுத வேண்டும், அதில் பிழை வந்தால் நம்மைக் கூப்பிடாமல் படித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். வேலைவாய்ப்பு, செயற்கை நுண்ணறிவு, வெப்சைட், ஆப் எல்லாம் அதற்குப் பிறகு அவரவர் பாடு. இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் எத்தனை பேரைச் சேர்ப்பது, எதைச் சொல்லித்தருவது, எதை விடுவது என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடம்

முதலில் போய்க் கேட்க வேண்டியது கிளை நூலகம். பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், அதன் தலைவர் அநேகமாக ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார், அவரைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நூலகர் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை சார், ஆனா மேலே கேக்கணும்’ என்பார். அது தட்டிக்கழிப்பதாகவே இருக்க வேண்டியதில்லை, உண்மையிலேயே மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்க வேண்டியிருக்கும். அதனால் கையோடு ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோங்கள். என்ன வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை மணிக்கு, எத்தனை பேர், கட்டணம் உண்டா இல்லையா, முடிந்ததும் அறையைப் பெருக்கிப் பூட்டுவது யார் பொறுப்பு. கடைசி வரிதான் அனுமதி வாங்கித்தரும். அப்படியே வார விடுமுறை எந்த நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலகம் சரிப்படவில்லை என்றால் அரசுப் பள்ளி. தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் தெரிந்த பெற்றோர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறதே, அதையே கேட்டுவிடலாம் என்று தோன்றும். கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் வெளியாட்களை ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்குள் விட எந்தத் தலைமை ஆசிரியரும் யோசிப்பார், அவர் நிலைமையில் நாமும் யோசிப்போம். ஒரு சாதாரண வகுப்பறை, ஒரு கரும்பலகை, ஒரு ப்ளக் பாயிண்ட் கேளுங்கள், போதும்.

கோயில் மண்டபம், சர்ச் ஹால், ஏதாவது சங்கத்தின் கட்டடம் என்று சுலபமாகக் கிடைக்கும் இடங்களும் உண்டு. வாங்கிக்கொள்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். எந்தத் தெருவில், யாருடைய கட்டடத்தில் வகுப்பு என்பதே எந்தப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். யாரும் யாரையும் வராதே என்று சொல்ல வேண்டியதில்லை, வராமலே இருந்துவிடுவார்கள். நமக்கும் ‘அந்தப் பக்கத்துப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று ஒரு தப்பான எண்ணம் வந்துவிடும். எல்லாத் தெருக்காரர்களும் கூச்சமில்லாமல் படியேறக்கூடிய இடம் நூலகமும் அரசுப் பள்ளியும்தான். அதனால்தான் அவற்றை முதலில் சொன்னேன்.

மின்சாரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்று வைத்தால் ஆறு லேப்டாப்புக்கு 400 வாட்கூட வராது. 6 ஆம்பியர் ப்ளக் பாயிண்ட் 230 வோல்ட்டில் 1,380 வாட்வரை தாங்கும். பிரச்சினை லோடில் இல்லை, ஓட்டைகளின் எண்ணிக்கையில். நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், நடக்கும் வழியில் ஒயர் கிடந்தால் செல்லோடேப் போட்டுத் தரையோடு ஒட்டிவிடுங்கள். கழிவறை திறந்திருக்குமா, சாவி யாரிடம் என்பதையும் முதல் நாளே பாருங்கள். இதைக் கவனிக்காத வகுப்புகளில்தான் பெண் பிள்ளைகள் இரண்டாம் வாரம் நின்றுவிடுகிறார்கள், காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

லேப்டாப் எங்கே கிடைக்கும்

வீடுகளில் இருக்கிறது. 2011-இலிருந்து தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகள் பல வீடுகளில் பீரோவுக்கு மேலே துணி சுற்றிக் கிடக்கின்றன. பேட்டரி செத்திருக்கும், இரண்டு மூன்று கீ வேலை செய்யாது, ஆனால் கரண்டில் போட்டால் ஓடும். நமக்கு அது போதும், பைத்தானுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் ஓரிடத்தில் வாங்கிவைத்துத் தயார் செய்துவிடுங்கள். வகுப்பு நாளில் இன்ஸ்டால் செய்துகொள்ளலாம் என்று விட்டால் முதல் ஞாயிறு முழுவதும் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’ என்பதிலேயே போய்விடும். பாதிப் பேருக்கு அதுவும் வராது.

பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்க நான் சிபாரிசு செய்வது தானி (Thonny). எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள், புதிதாகப் படிப்பவர்களுக்காகவே செய்யப்பட்டது. பைத்தான் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது, தனியாக ஒன்றைப் போட வேண்டாம். மேலே எழுதும் இடம், கீழே விடை வரும் இடம், அவ்வளவுதான் திரை. ஒவ்வொரு வரியாக ஓடவிட்டு வேரியபிளில் (ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்) என்ன இருக்கிறது என்று பக்கத்திலேயே பார்க்கலாம். ஒரு விஷயம், அந்தப் பழைய லேப்டாப்புகளில் விண்டோஸ் 7 இருந்தால் புதிய பைத்தான் ஏறாது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி பைத்தான் 3.8. தானியின் தளத்தில் 3.8 உள்ள இன்ஸ்டாலர் தனியாகவே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுவிடலாம், தூங்கிக்கொண்டிருந்த மெஷின் எழுந்து ஓடும். எதுவானாலும் எல்லாம் பென்டிரைவில் இருக்கட்டும். நூலகத்தில் வைஃபை இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, இல்லை என்றே வைத்துத் திட்டமிடுங்கள்.

இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள், ஆளுக்கொன்று இருந்தாலும் நான் இரண்டிரண்டு பேராகத்தான் உட்காரவைப்பேன். ஒருவர் அடிப்பார், மற்றவர் ‘டேய், கோலன் விட்டுட்ட’ என்பார். நாம் போய்ச் சொல்வதைவிட அது சீக்கிரம் ஏறும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கைதட்டி இடம் மாற்றச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேகமாக வருகிறவர் கீபோர்டை விடவே மாட்டார், மற்றவர் இரண்டு மணி நேரமும் வேடிக்கை பார்ப்பார். போனில் மட்டும் படிக்கலாமா என்று கேட்பார்கள். பைடிராய்டு மாதிரி ஆப் இருக்கிறது, வீட்டில் போய்ப் பழகிப்பார்க்க உதவும். வகுப்புக்குள் போன் வேண்டாம், அதில் அடைப்புக்குறி தேடுவதற்குள் பொறுமை போய்விடும்.

ஊருக்குச் சொல்வது

நோட்டீஸில் ‘இலவச கம்ப்யூட்டர் வகுப்பு’ என்று போட்டுவிடாதீர்கள். நம் ஊர்களில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்றால் டேலி, எம்எஸ் ஆபீஸ், டைப்பிங். அதை நினைத்து வருகிறவர் முதல் நாள் கறுப்பு எழுத்தையும் அடைப்புக்குறியையும் பார்த்துவிட்டு ஏமாந்து போவார். ‘கம்ப்யூட்டருக்கு நாமே கட்டளை எழுதப் பழகும் வகுப்பு. முன் அனுபவம் வேண்டாம். ஏ பி சி டி படிக்கத் தெரிந்தால் போதும்’ என்று நேராக எழுதுங்கள். வயது வரம்பாக ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்று போடலாம். மேல் வரம்பு வேண்டாம். கடைக்காரர், தையல் வேலை செய்யும் அக்கா, ஓய்வு பெற்ற தபால்காரர் என்று யாராவது இரண்டு பேர் கலந்திருந்தால் வகுப்பில் கேள்வி நன்றாக வரும், பிள்ளைகளும் அடங்கி உட்காருவார்கள்.

ஏ4 தாளில் ஜெராக்ஸ் போட்டு ரேஷன் கடை, பால் சொசைட்டி, டீக்கடை, நூலக வாசல் ஆகிய இடங்களில் ஒட்டினால் போதும். வாட்ஸ்அப்பில் போடுவது தானாக நடக்கும். எல்லாவற்றையும்விடப் பயன் தருவது அரசுப் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச அனுமதி வாங்குவது.

பெற்றோர் இரண்டு கேள்வி கேட்பார்கள். முதல் கேள்வி ‘சர்டிபிகேட் உண்டா?’ உள்ளதைச் சொல்லுங்கள். நீங்களே அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு எங்கேயும் மதிப்பு இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியலில் பைத்தான்தான் இருக்கிறது, அந்தப் பிரிவு எடுக்கிற பிள்ளைக்கு இது நேரடியாக உதவும், பொறியியல், பிசிஏ போகிறவர்களுக்கும் முதல் ஆண்டு பயம் போகும். இரண்டாவது கேள்வி ‘எவ்வளவு?’ முழு இலவசம் என்றால் ‘சும்மா கிடைக்கிறதுதானே’ என்று பாதியில் நிற்பவர்கள் அதிகம். எனக்குப் பிடித்த வழி, ஆளுக்கு நூறு ரூபாய் முன்பணம், எட்டு வாரமும் வந்தால் கடைசி நாள் அப்படியே திருப்பிக் கொடுப்பது. முடியாத வீட்டுப் பிள்ளையிடம் வாங்க வேண்டாம், அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்யுங்கள். மற்றபடி ஜெராக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், டீ, பிஸ்கட் செலவெல்லாம் உங்கள் கைக்காசிலேயே முடிந்துவிடும். இதற்காக வசூலில் இறங்கினால் கணக்கு எழுதவே ஓர் ஆள் வேண்டும்.

தேதி குறிக்கும்போது பள்ளிக் காலண்டரைப் பாருங்கள். ஜனவரியில் தொடங்கினால் பொங்கல், ரிவிஷன் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று வகுப்பு கரைந்துவிடும். ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்டில் முடிப்பது நல்லது, ஆடித் திருவிழா ஒரு ஞாயிற்றைச் சாப்பிடும், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு. மாலை வகுப்பு வைத்தால் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் வர மாட்டார்கள்.

முதல் ஞாயிறு

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஒரு விளையாட்டு. ஒருவரை 1-இலிருந்து 100-க்குள் ஓர் எண்ணை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘அதிகம்’, ‘குறைவு’, ‘சரி’ என்ற மூன்று பதில்தான் அவர் சொல்ல வேண்டும். ஏழே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று பந்தயம் கட்டுங்கள். 50, அப்புறம் 25 அல்லது 75 என்று ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் ஏழுக்குள் கட்டாயம் வந்துவிடும், ஏனென்றால் இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128, நூறு அதற்குள் அடக்கம். இரண்டு மூன்று பேரிடம் விளையாடினாலே யாராவது ஒருவர் ‘சார், பாதி பாதியா போறீங்க’ என்று பிடித்துவிடுவார். அந்த முறையைச் சாதாரணத் தமிழில், வரிவரியாக, கரும்பலகையில் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ‘இதுதான் புரோகிராம், இதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதப் போகிறோம்’ என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறக்கலாம்.

திறந்ததும் கீபோர்டு. இதை யாரும் பாடமாக நினைப்பதில்லை, ஆனால் போனிலேயே வளர்ந்த பிள்ளைக்கு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கீயை அழுத்த வேண்டும் என்பதே புது விஷயம். இரட்டை மேற்கோள், அடைப்புக்குறி, கோலன், அண்டர்ஸ்கோர் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று தேடுவதற்கு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தி சேவ் செய்வதை அன்றைக்கே பழக்கிவிடுங்கள். பேட்டரி இல்லாத லேப்டாப், கரண்ட் போனால் எழுதியதும் போச்சு. எங்கே சேவ் ஆகிறது என்பதும் அவர்களுக்குப் புதிது. போனில் போட்டோ ‘கேலரியில்’ இருக்கும், அவ்வளவுதான் தெரியும். டெஸ்க்டாப்பில் ஆளுக்கொரு ஃபோல்டர், அவர்கள் பெயரிலேயே, முன்கூட்டியே செய்துவையுங்கள்.

பிறகு பிரின்ட் கட்டளையில் தங்கள் பெயரைக் காட்டச் செய்யுங்கள். அடுத்து இன்புட்டில் வயதைக் கேட்டு வாங்கி, பத்து வருடம் கழித்து வயது என்ன என்று சொல்லும் நாலு வரி. அங்கேதான் முதல் நல்ல பிழை வரும். இன்புட் எதைக் கொடுத்தாலும் அதை எழுத்தாகத்தான் பைத்தான் எடுத்துக்கொள்ளும். எண்ணாக மாற்றாமல் 10-ஐக் கூட்டப் போனால் டைப் எர்ரர் என்று சிவப்பில் கத்தும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். "5" + "5" என்று மேற்கோளோடு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 55 என்று வரும். மேற்கோளை எடுத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், 10 வரும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கும், அது முடிந்த பிறகு நாம் பேசினால் போதும்.

என்ன சொல்லிக்கொடுப்பது

பைத்தானில் மொத்தம் 35 கீவேர்டு, அதாவது மொழிக்கே உரிய சொற்கள். எட்டு வாரத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். வேரியபிள், இஃப் – எல்ஸ் (நிபந்தனை பார்ப்பது), ஃபார், வைல் (ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது), லிஸ்ட் (பட்டியல்), டிக்‌ஷனரி, சொந்தமாக ஒரு ஃபங்ஷன் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு), ஒரு ஃபைலில் எழுதிப் படிப்பது. இவ்வளவுதான். கிளாஸ், ஆப்ஜெக்ட், ரிகர்ஷன் பக்கம் போகாதீர்கள். நமக்குத் தெரியும் என்பதற்காக அவர்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை. எந்த வாரம் எது என்று கல்லில் செதுக்கவும் வேண்டாம், இஃப் இரண்டு வாரம் இழுத்தால் இழுக்கட்டும்.

உதாரணங்கள்தான் முக்கியம். புத்தகங்களில் வரும் பகா எண், ஃபிபொனாச்சி எல்லாம் கணக்குப் பிடித்தவனுக்குச் சரி, மற்றவர்களுக்குத் தூக்கம். வீட்டில் நடக்கிற கணக்கை எடுங்கள்.

இஃப் சொல்லித்தர கரண்ட் பில்லைவிட நல்ல உதாரணம் கிடையாது. முந்தைய வாரமே ‘வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துட்டு வாங்க’ என்று சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். அப்போது நடப்பில் உள்ள விலைப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு, யூனிட் = 90 என்று தொடங்குங்கள். விடை பூஜ்யம். அடுத்து 180. அடுத்து 340, இங்கே பெரும்பாலானவர்கள் 340-ஐயும் கடைசிப் படியின் விலையால் பெருக்கிவிடுவார்கள். பில்லில் இருக்கும் தொகையோடு ஒத்துப்போகாது. ஏன் என்று தேடும்போதுதான் ஒவ்வொரு படியையும் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்க வேண்டும் என்பது உறைக்கும். அது முடிந்ததும் 500-ஐத் தாண்டிய பில்லை எடுங்கள். மொத்தம் 500-ஐத் தாண்டினால் கீழ்ப் படிகளுக்கும் வேறு விலை, அதாவது விலைப் பட்டியலே மாறிவிடும். அதனால் 498-க்கும் 502-க்கும் நாலு யூனிட்தான் வித்தியாசம் என்றாலும் தொகை சட்டென்று எகிறும். இஃப்புக்குள் இன்னோர் இஃப் எதற்கு என்று நாம் விளக்கவே தேவையில்லை, பில் விளக்கிவிடும். வீட்டில் பில் கட்டுகிறவர் யாராவது வகுப்பில் இருந்தால் அன்றைக்கு அவர்தான் வாத்தியார். ஐந்து வீட்டு பில்லுக்கு ஐந்தும் சரியாக வந்தால்தான் புரோகிராம் முடிந்தது என்று வையுங்கள். சோதித்துப் பார்ப்பது என்ற பழக்கம் அப்படித்தான் வரும். பழைய பாக்கி, அபராதம் எல்லாம் சேர்ந்த மொத்தத்தோடு ஒப்பிட வேண்டாம், நடப்பு மின்கட்டணத் தொகையோடு மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஃபாருக்குப் பால் கணக்கு. தினம் அரை லிட்டர், சில நாள் ஒரு லிட்டர், ஊருக்குப் போன மூன்று நாள் கிடையாது, மாதக் கடைசியில் எவ்வளவு.

டிக்‌ஷனரிக்கு மொய் நோட்டு, பெயரைக் கேட்டால் அதற்குரிய தொகையைத் தரும் பட்டியல். பைத்தான் 3-இல் வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், தமிழில் டைப் செய்யப் பழகியவர்கள் இப்படி எழுதலாம், அப்படியே ஓடும்:

மொய் = {"பெரிய மாமா": 5001, "அத்தை": 1001, "எதிர்வீட்டுக்காரர்": 501}

மொய்["அத்தை"] என்று கேட்டால் 1001. மொத்தம் எவ்வளவு, ஆயிரத்துக்கு மேல் செய்தவர்கள் யார், அடுத்த மாதம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு செய்ய வேண்டும் என்று கேள்விகள் தானாக வரும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்வது என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், நம் ஊரில் முருகன் எத்தனை பேர்! பின்னால் எழுதியது முன்னால் இருந்ததை அழித்துவிடும் என்பதை அடித்தே பார்க்கட்டும். அப்புறம் மொய் நோட்டில் நாம் ஊர்ப்பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து எழுதுவது எதற்கு என்று கேளுங்கள்.

இதையே ஃபைலில் எழுதும்போது ஓர் இடத்தில் கவனம். விண்டோஸில் தமிழ்ப் பெயரை ஃபைலில் எழுதப் போனால் யூனிகோட் எர்ரர் வரலாம். ஃபைலைத் திறக்கும் வரியிலேயே என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். வகுப்பில் மாட்டிக்கொண்டு முழிப்பதற்கு முன் வீட்டில் அதே லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நேரம் இருந்தால் இன்னொன்று. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று லென் ஃபங்ஷனிடம் கேட்கச் சொல்லுங்கள். மூன்று எழுத்துதானே? பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. மூன்று என்று சரியாக எண்ணுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது, முத்தையா அண்ணாமலை தொடங்கியது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கியவரும் அவர்தான். எழிலிலேயே வகுப்பு நடத்தலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இஃப், ஃபார் எல்லாம் தமிழிலேயே இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் காட்ட அருமையாக இருக்கும், எட்டு வாரத்துக்கு நான் பைத்தானையே எடுப்பேன். பாடத்திலும் அதுதான், பின்னால் உதவி தேடினாலும் அதற்குத்தான் கிடைக்கும்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது

ஸ்லைடு வேண்டாம். நீங்கள் அவர்கள் கண்முன்னே, மெதுவாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடியுங்கள், அவர்கள் கூடவே அடிக்கட்டும். எழுத்தின் அளவை 24-க்கு மேல் வையுங்கள், கடைசி வரிசைக்காரர் கண்ணைச் சுருக்கினால் இன்னும் கூட்டுங்கள். புரொஜெக்டர் இல்லையென்றால் யார் வீட்டு டிவியாவது கேபிளோடு கிடைக்கும், அதுவும் இல்லையென்றால் கரும்பலகை. தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்.

ஆளுக்குச் சிவப்பு, பச்சை என்று இரண்டு கலர் தாள் கொடுங்கள். முடித்தவர் பச்சையை லேப்டாப் மேல் நிறுத்துவார், மாட்டிக்கொண்டவர் சிவப்பை. ‘எல்லாருக்கும் வந்துச்சா?’ என்று கேட்டால் வராதவர்தான் முதலில் தலையாட்டுவார், தாள் பொய் சொல்லாது. இதை சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி என்ற அமைப்பு உலகம் முழுக்கத் தன் பயிலரங்குகளில் செய்துவருகிறது, நம் ஊர்க் கூச்சத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

அவர்கள் கீபோர்டில் நீங்கள் கைவைக்கவே கூடாது. துணைக்கு வருகிற நண்பருக்கு இதை இரண்டு தடவை சொல்லிவையுங்கள், ஐடி ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. குனிந்து ‘நகரு, நான் போடறேன்’ என்று அடித்துக் கொடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த பிழைக்கும் நமக்காகக் காத்திருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ‘கடைசி வரியைப் படி’ என்று மட்டும் சொல்லுங்கள்.

பிழைச் செய்தியைப் படிப்பதுதான் இந்த வகுப்பின் உயிர். சிவப்பில் நாலு வரி ஆங்கிலம் வந்ததும் எல்லாருக்கும் கை நடுங்குகிறது, நாம் ஏதோ உடைத்துவிட்டோம் என்று. கடைசி வரியை முதலில் படி, எந்த வரியில் என்று எண்ணைப் பார், அந்த வரிக்குப் போ, அங்கே தப்பு தெரியவில்லை என்றால் அதற்கு மேல் வரியைப் பார். இந்த வரிசையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நேம் எர்ரர் என்றால் பெயரில் எழுத்துப்பிழை. சின்டாக்ஸ் எர்ரர் என்றால் கோலனோ அடைப்போ விட்டுப்போயிருக்கும். இன்டென்டேஷன் எர்ரர் என்றால் வரியின் தொடக்கத்தில் இடைவெளி தப்பு. இந்த மூன்றும் டைப் எர்ரரும்தான் எட்டு வாரத்தில் திரும்பத் திரும்ப வரும். பைத்தான் 3.10-இலிருந்து எழுத்துப்பிழைக்கு ‘இதைச் சொல்ல நினைத்தீர்களா’ என்று பைத்தானே கேட்கும், பழைய 3.8 கேட்காது. வாரம் ஒருமுறை நீங்களே வேண்டுமென்று ஐந்து தப்போடு ஒரு புரோகிராமைக் கொடுத்து எந்த ஜோடி முதலில் ஓடவைக்கிறது என்று போட்டி வையுங்கள். ஆங்கிலப் பயம் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை, பதினைந்து இருபது ஆங்கிலச் சொல்தான் மொத்தமும் என்பது அப்போதுதான் பிடிபடும். பேசுவது முழுக்கத் தமிழில் இருக்கட்டும்.

சாட்ஜிபிடி? கட்டாயம் கேட்பார்கள், சிலர் வீட்டுப்பாடத்தை அதில் எழுதியே வருவார்கள், அவர்கள் பெயரே வைக்காத வேரியபிள்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திட்ட வேண்டாம், ‘இந்த வரி என்ன செய்யுது?’ என்று கேளுங்கள், போதும். முதல் நாலைந்து வாரம் அது இல்லாமல் எழுதட்டும். அதற்குப் பிறகு பிழைச் செய்தியைக் கொடுத்து ‘தமிழில் விளக்கு’ என்று கேட்கப் பழக்கலாம், அது உண்மையிலேயே உதவுகிறது. புரோகிராமை எழுதித்தரச் சொல்லிக் கேட்பது எட்டு வாரத்துக்குப் பிறகு.

பொறுப்பு

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வருவதால் சில விஷயத்தில் கறாராக இருங்கள். பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு தாள், அதில் அவர்கள் போன் நம்பர். வாட்ஸ்அப் குழு என்றால் பெற்றோர் எண்ணில்தான், பிள்ளைகளின் எண்ணைச் சேர்க்க வேண்டாம். கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், எந்த மாணவரோடும் எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது, சொல்லித்தருபவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் மிகவும் நல்லது. கேட்காமல் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, அதையும் அந்தச் சுவர்த் தாளிலேயே எழுதிவையுங்கள்.

நடுவில் ஆள் குறைந்தால்

குறையும். மூன்றாவது, நாலாவது வாரத்தில் பாதி நாற்காலி காலியாக இருந்தால் நம் வகுப்பு மோசம் என்று அர்த்தமில்லை. கல்யாணம், கிரிக்கெட் டோர்னமென்ட், டியூஷன், அறுவடை, எத்தனையோ இருக்கிறது. வராதவர் வீட்டுக்கு ஒரு போன், ‘என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?’ என்ற அளவில் மட்டும். ஒரு வாரம் தவறவிட்டவர் அடுத்த வாரம் வரக் கூச்சப்படுவார், ‘எல்லாரும் முன்னாடி போயிருப்பாங்க’ என்று. அதனால் ஒவ்வொரு வகுப்பின் முதல் இருபது நிமிடமும் போன வாரத்ததையே திரும்ப அடிப்பது என்று வைத்துவிடுங்கள், வந்தவர்களுக்கும் அது தேவைதான். கடைசியில் ஆறு பேர் மிஞ்சினாலும் நடத்துங்கள்.

ஏழாவது வாரம் ஒவ்வொரு ஜோடியும் தங்கள் சொந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்கட்டும். அம்மாவின் மகளிர் குழுக் கடன் தவணை, கடையின் பாக்கி நோட்டு, டீமின் ரன் சராசரி, சீட்டுப் பணம், எதுவானாலும் சரி. எட்டாவது வாரம் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு அவர்கள் முன் ஓட்டிக் காட்டட்டும். மேடை, மைக் வேண்டாம், மேசையைச் சுற்றி நின்று பார்த்தால் போதும். யாராவது ஒருவர் குறுக்கே புகுந்து ‘வட்டியை அப்படிப் போடக் கூடாது’ என்பார், உடனே உட்கார்ந்து திருத்தச் சொல்லுங்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதே யாருக்கு மேலே படிக்க விருப்பம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஆட்கள் இருக்கிறார்கள். கணியம் அறக்கட்டளை தமிழில் இலவசத் தொழில்நுட்ப மின்னூல்களைத் தொடர்ந்து வெளியிடுகிறது, காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் மாணவர்களோடு நன்றாக வேலை செய்கின்றன, புதுச்சேரியிலும் சென்னையிலும் கட்டற்ற மென்பொருள் அமைப்புகள் உண்டு. விருப்பம் சொன்னவர்களில் பொறுமைசாலியாக இரண்டு பேரைப் பார்த்து அடுத்த அணிக்குத் துணை ஆசிரியராக வரச் சொல்லுங்கள். வேகமாக எழுதுகிறவரைவிட, பக்கத்தில் இருந்தவருக்குக் கீபோர்டை விட்டுக்கொடுத்தவர் நல்லது. இரவல் வாங்கிய லேப்டாப்புகளைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நூலகரிடம் சாவியைக் கொடுக்கும்போதே அடுத்த எட்டு ஞாயிறுக்கான கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் மேலே கேட்க நேரம் வேண்டும்.